பழுதுற்ற இழைப்புளியின் மறுபயன்

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நெசவுக்குத் துணைநிற்பது, தறிக்கு மரச்சட்டம் செய்து தரும் தச்சுவேலையாகும். தச்சர் பட்டறையில் அடி தேய்ந்து வாய் அகன்ற பழைய இழைப்புளி மூலையிற் கிடப்பதுண்டு. வாய் அகன்றால் மரம் பிசிறெழும், மெருகிழைப்பு அமையாது. ஆயினும் அதனை விறகாக்குதல் தகாது. அகன்ற வாய் தடித்த சீவலுக்கு இடங்கொடுக்குமாதலின், பருவெட்டாக இழைக்க அது நன்கு உதவும்.

செய்முறை வருமாறு: கட்டை வெடித்திருந்தாலும், ஆப்பு இறுகப் பிடியாவிடினும் அது ஆகாது. நல்ல கட்டையாயின் அடிப்புறத்தை வேறோர் இழைப்புளியால் சமன்செய்க. இதனால் வாய் இன்னும் சற்று அகலும். இவ்வேலைக்கு அது குறையன்று. 2 அங்குல அகலமுள்ள அலகின் நேர்முனையை, 4 அங்குல ஆரமுள்ள வட்டத்தின் பகுதிபோல் சாணையில் வளைக்க வேண்டும். அப்போது ஓரங்கள் நடுவினும் ஏறத்தாழ 1/8 அங்குலம் பின்வாங்கும். அடிக்கடி நீரில் நனைக்காவிடின் முனை நீலம்பாய்ந்து உருக்கின் உரம் கெடும். அலகின்மேல் தகடு இருப்பின் முனையினின்று பின்தள்ளிப் பொருத்துக.

இதனை மரத்தின் ரேகைக்குச் சாய்வாகவோ குறுக்காகவோ ஓட்டினால், வாளால் அறுத்த கோணற்பலகை விரைவில் மட்டமாகும். எஞ்சும் பள்ளங்களை நல்ல இழைப்புளியால் நீக்கலாம்.

நாட்டின் முதல் நகர ஐக்கிய நாணயச் சங்கம் 1904 அக்டோபரில் காஞ்சிபுரத்திலேயே பதிவாயிற்று. கடன் பெற வழியிருப்பினும், வாங்காமலே முடியும் காரியத்துக்குக் கடன் வாங்குதல் சிக்கனமாகாது. புதுக் கருவிக்கு மனு எழுதுமுன், அங்கத்தினர் தம் பட்டறை மூலையை ஒருமுறை நோக்குவாராக.