ஊர்ச் சந்தையில் மின்னிணைப்புத் தொழில்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, எமக்குத் தெரிந்த தொழிலைப் பற்றியே எழுதுதல் தகுமெனக் கருதினோம். வட்டக்கச்சியில் அனுமதிபெற்ற மின்னிணைப்பு ஒப்பந்தகாரராக யாம் செய்துவரும் தொழில், பார்ப்பவர் கண்ணுக்கு எளியதாகத் தோன்றும். கம்பி இழுத்து, ஆளி பொருத்தி, விளக்கு எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்பர். அஃது அவ்வாறன்று என்பதை விளக்குதலே ஈண்டு எமது நோக்கமாகும்.

இரணைமடுக் குளத்து நீரை நம்பி வளர்ந்த குடியேற்றக் கிராமம் எமது ஊர். போர் நிகழ்ந்த 1990களில் வன்னியில் பொது மின்வழங்கல் அற்றுப்போயிற்று. ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின் கீழ்ப் பாடம் படித்தோம். மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். 2009இல் போர் முடிந்து மக்கள் மீளக் குடியமர்ந்த பின்னரே மின்கம்பங்கள் மீண்டும் எழுந்தன. 2012 முதல் இந்திய வீட்டுத்திட்டத்தின்கீழ் வீடொன்றுக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டு, கல்வீடுகள் பெருகின. மின்வேலைக்குக் கேள்வியும் பெருகிற்று. குறடு பிடிக்கத் தெரிந்தோர் பலரும் மின்வினைஞராயினர்.

இத்தொழிலில் விலை பேசுவது ‘பொயின்ற்’ கணக்கில். விளக்கு ஒன்று, மின்விசிறி ஒன்று, குதை ஒன்று என எண்ணி, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கூலி தீர்ப்பர். கமக்காரர் கையிற் காசு புழங்குவது நெல் வெட்டிய பின்னராதலின், பாதிப் பணம் அடுத்த போகம் வரை கடனாக நிற்பதும் உண்டு. குறைந்த விலை சொல்பவருக்கே வேலை கிடைக்கும். குறைத்த விலையை அவர் எங்கே ஈடுசெய்வார்? வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியும் ஆளியிலும் விளக்கிலும் அன்று. குதைகளுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பி வேண்டிய இடத்திலே மெல்லிய கம்பி செல்லும். குழாயினுள்ளே ஒட்டுகள் மறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, மண்ணுக்குள் இறங்கவேண்டிய புவிக்கோல் குறுகும்.

புவிக்கோலின் பயனை மாணவர்கள் நன்கு அறிதல் வேண்டும். நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ற்று. மோட்டரின் சுருள் பழுதடைந்து, அதன் இரும்புக்கூடு மின்னேறினால், அம்மின் புவிக்கம்பி வழியே மண்ணுட் சென்று, வழங்கல் மாற்றியின் புவித்தொடுப்பை அடைதல் வேண்டும். அவ்வழியின் மொத்தத் தடை 40 ஓம் என்று கொள்வோம். 230ஐ 40ஆல் வகுத்தால், ஓடும் மின்னோட்டம் 6 அம்பியருக்கும் குறைவே. 16 அம்பியர் உருகி இதனை ஒரு பொருட்டாகவே மதியாது. கூடு மின்னேறியபடியே இருக்கும். இங்கேதான் ‘ட்ரிப் சுவிச்’ காவலாளாகின்றது. உயிர்க்கம்பியிற் போவதையும் நொதுமற் கம்பியில் மீள்வதையும் அஃது ஒப்பிட்டு நிற்கும். வேறுபாடு 30 மில்லி அம்பியரை எட்டினால் கண்ணிமைப்பொழுதில் மின்னைத் துண்டிக்கும். புவித்தொடுப்புச் செவ்வையாக இருப்பின், எவரும் தொடுமுன்னரே இது நிகழும். புவித்தொடுப்பு இல்லையேல், தொடுபவன் உடலே அவ்வழியாகிவிடும்.

இன்னுமொன்று. அச்சுவிச்சிலுள்ள பரிசோதனைப் பொத்தானை அழுத்த அது விழுந்தால், சுவிச்சு நலமாயிருக்கின்றது என்பது மாத்திரமே புலனாகும். புவிக்கோலைப் பற்றி அஃது எதுவும் சொல்லாது. கோலை மானி கொண்டே அளத்தல் வேண்டும். வன்னியிலோ மார்கழி மழையில் ஊறிய மண் வேறு, சோளகம் வீசும் ஆவணியில் வறண்ட மண் வேறு. ஈரம் வற்ற வற்றத் தடை ஏறும்.

இதனை யாம் நூலிற் படித்தும் அறிந்திருந்தோம். பிழை செய்தும் அறிந்தோம். தொழில் தொடங்கிய காலத்தில் கமக்காரர் ஒருவருக்குக் கிணற்றடி மோட்டர் இணைத்தோம். மாரிகாலமாதலால் பாதியளவு கோலிலேயே மானி நல்ல அளவு காட்டிற்று, அதனோடு நிறுத்திக்கொண்டோம். சில மாதங்களின்பின், ட்ரிப் சுவிச்சு ஓயாது விழுகின்றதென்று அவர் முறையிட்டார். மோட்டரைச் சோதியாது, அவர் மனம் குளிர, அச்சுவிச்சைத் தவிர்த்து இணைப்புக் கொடுத்தோம். சுவிச்சு பொய் சொல்லவில்லை. மோட்டரின் சுருளே பழுதாகிக்கொண்டிருந்தது. ஆவணியில் ஒருநாட் காலை, மோட்டரில் உராய்ந்த பசுக்கன்று அவ்விடத்திலேயே மாண்டது. யாம் ஓடிச்சென்று தலைகுனிந்து நின்றபொழுது அவர் ஏசவில்லை. “கன்று போனால் போகட்டும் தம்பி, பின்னேரத்தில் பிள்ளைகள் இதிலைதான் குளிக்கிறவை” என்றார். அன்றே மோட்டரைக் கழற்றினோம். முழுக்கோல் இறக்கி, சுவிச்சை மீளப் பொருத்தினோம். கூலி வாங்கவில்லை. அவ்வார்த்தை இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது.

தேசிய தொழிற்றகைமை பெற்ற மின்வினைஞருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் முறையை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முன்னெடுத்துள்ளது. இவ்வாணைக்குழு 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்ததாகும். பத்திரம் வைத்திருப்பவன் பிழையே செய்யான் என்று யாம் கூறவில்லை. வீட்டுக்காரர் காணமுடியாத வேலைக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க ஒருவன் உளன் என்பதே அதன் பொருள். சந்தையில் விலை குறைப்பவரோடு போட்டியிட எமக்கிருக்கும் முதலும் அதுவே.

ஆதலின், வீடு கட்டும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விலையைக் கேட்குமுன் மூன்றைக் கேளுங்கள்: கம்பியின் அளவு என்ன? புவிக்கோலின் நீளம் என்ன? கோடையில் வந்து மானி வைத்துக் காட்டுவீரா? மூன்றாவது வினாவுக்குத் தயங்காது விடையிறுப்பவரிடம் வேலையை ஒப்படையுங்கள். இத்தொழிலை நாடும் மாணவ இளைஞர்காள்! விஞ்ஞானப் பாடத்தில் ஓமின் விதியைத் தேர்வுக்காக மாத்திரம் படியாதீர்கள். பிறர் காணாத இடத்திற் செய்யும் வேலையே உங்கள் பெயரைக் காக்கும். பிறர் உயிரையும் காக்கும்.