வராத போனுக்கு முன்பணம்

2016 பிப்ரவரியில் நாளிதழ்களின் முதல் பக்கத்தை ஒரு விளம்பரம் பிடித்துக்கொண்டது. விலை 251 ரூபாய், போனின் பெயர் ஃப்ரீடம் 251. விலையையே பெயராக வைத்ததில்தான் சாமர்த்தியம். பெயரை உச்சரிக்கிற ஒவ்வொருவரும் காசு வாங்காமல் விளம்பரம் செய்தார்கள். நொய்டாவின் ரிங்கிங் பெல்ஸ் என்ற நிறுவனத்தை அதற்கு முன் பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை. முன்பதிவு தொடங்கிய அன்றே இணையதளம் முடங்கியது. செய்தியாளர்களிடம் காட்டிய போனில் ஆட்காம் என்ற வேறொரு நிறுவனத்தின் பெயரை வெள்ளை பூசி மறைத்திருந்தார்கள். நாலு அங்குலத் திரையும் 1 ஜிபி ராமும் உள்ள போனைச் சில ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து தரவே முடியாது என்று கைபேசித் துறைச் சங்கம் அப்போதே சொன்னது. அடுத்த ஆண்டு விநியோகஸ்தர் கொடுத்த மோசடிப் புகாரில் நிறுவனத்தின் இயக்குநர் கைதானார்.

251 ரூபாய் என்றால் இன்று சிரித்துவிட்டுப் போய்விடுவோம். ‘அடுத்த மாதம் வரப்போகிற மாடல், இப்போதே புக் செய்தால் பாதி விலை’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால்தான் கை ஜிபே பக்கம் போகிறது.

வரப்போகிற மாடல் பற்றிய இந்த வதந்திகள் முழுப் பொய்யும் அல்ல. இந்தியாவில் விற்கும் போன்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவாக வேண்டும். அந்தப் பட்டியலில் புது மாடல் எண் தெரிந்ததும் வீடியோக்கள் கிளம்புகின்றன. ஆனால் அந்தப் பதிவு விலையைச் சொல்லாது, வெளியாகும் தேதியையும் சொல்லாது. அவையெல்லாம் ஊகம்.

போனின் பெயரில் வரும் எண்ணை வைத்துக் கணக்குப் போடவும் முடியாது. ஐபோன் 8-க்குப் பிறகு 9 வரவில்லை. சாம்சங் எஸ்10-லிருந்து எஸ்20-க்குத் தாவியது. ஷாவ்மி 2025-ல் 15-லிருந்து 17-க்குப் போனது. 16 வருகிறது என்று யாராவது முன்பணம் வாங்கியிருந்தால், இல்லாத பொருளை விற்றிருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரே பெயரில் இரு வேறு போன்கள் இருப்பதுதான் இன்னும் நுட்பமான சிக்கல். கேலக்ஸி எஸ்24 இந்தியாவில் எக்ஸினோஸ் சிப்போடும் அமெரிக்காவில் ஸ்னாப்டிராகனோடும் வந்தது. மாடல் எண்ணின் கடைசி எழுத்து மட்டும் மாறும். ஆகவே கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டுக் கடையில் ‘வெளிநாட்டு செட்’ வாங்குகிறவர் பெட்டியில் இருக்கும் மாடல் எண்ணைப் பார்க்க வேண்டும். அதற்கு இங்கே வாரண்டி உண்டா என்று பில்லிலேயே எழுதி வாங்கவும் வேண்டும். கடைக்காரர் எழுதத் தயங்கினால், அதுவே பதில்.

*#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அது பெட்டியிலும் பில்லிலும் இருக்கிற எண்தானா என்று ஒத்துப் பாருங்கள். கேஒய்எம் என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், பதிவில் எந்த நிறுவனம், எந்த மாடல் என்று பதில் வரும். பெயர் மாற்றி ஒட்டிய போன் இதில் மாட்டிக்கொள்ளும்.

பணம் போய்விட்டால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மோசடிக்காரர் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். ஆகவே வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளுவதுதான் பெரிய நஷ்டம். பரிவர்த்தனை எண், அரட்டை, விளம்பரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

விற்றவர் ஓடிப்போகாமல் ‘நாளை, நாளை மறுநாள்’ என்று இழுத்தடித்தால் வழி வேறு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியலாம். ஆன்லைன் வணிகத் தளம் என்றால், 2020-ம் ஆண்டு விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதிலும் நடக்கவில்லையா, கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கடை டெல்லியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பில்லில் மை மங்குவதற்குள் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.