சேர் ஒதுங்கி நிற்கும் பாடம்

தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இது ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விசயமில்லை.

"மகன் சாரணர் குழுவில் சேரப் போகிறானாம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறான். அங்கே என்னதான் செய்வார்கள், அணிநடையா?" கண்டிப் பக்கத்துப் பெற்றோர் பலருக்கு முதலில் வரும் கேள்வி இதுதான். கேட்பதில் தப்பில்லை. நம் கண்ணில் படுவதெல்லாம் அதுதானே? சுதந்திர தினத்தன்று கழுத்துப்பட்டி கட்டிய பையன்கள் வரிசையாகப் போவார்கள். பாடசாலை விழாவென்றால் பிரதம விருந்தினர் வரும்வரை வெயிலில் நிற்பார்கள். இதைப் பார்த்தவர்களுக்கு ஏதோ பட்டாளப் பயிற்சி என்றுதான் தோன்றும்.

ஆனால் சாரணியத்தின் உயிர் ஊர்வலத்தில் இல்லை. அது அணியில் இருக்கிறது. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தது ஓர் அணி. அவர்களில் ஒருவன் அணித்தலைவன், இன்னொருவன் அவனுக்குத் துணை. இப்படிச் சில அணிகள் சேர்ந்து ஒரு துருப்பு. துருப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியரோ வெளியிலிருந்து வரும் தொண்டரோ இருப்பார். வகுப்பறையில் ஒரு பெரியவர் நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இங்கே பதினான்கு வயதுப் பையன் பதினொரு வயதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். வித்தியாசம் முழுவதும் அங்கேதான்.

ஒரு பாசறையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் நான்கு மணிக்கு மழை. எட்டுப் பேருக்கு இரவுச் சோறு ஆக வேண்டும். அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, விறகு நனைந்துவிட்டது. சேர் கொஞ்சம் தள்ளிக் கூடாரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார், வாயைத் திறக்கவில்லை. அணித்தலைவன்தான் முடிவெடுக்க வேண்டும். யார் காய்ந்த சுள்ளி தேடுவது, யார் தண்ணீர் கொண்டுவருவது, அழுதுகொண்டிருக்கும் சின்னவனை என்ன செய்வது? சோறு குழைந்தாலும் அடிப்பிடித்தாலும் எட்டுப் பேரும் அதைத்தான் சாப்பிட வேண்டும். அடுத்த முறை அந்த அணி வந்தவுடன் முதல் வேலையாக விறகைக் கூடாரத்துக்குள் எடுத்து வைத்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்த பாடம் அது.

முடிச்சுகளைப் பற்றியும் கேட்பீர்கள். கயிறு கட்டிப் பழகி இந்தக் காலத்தில் என்ன பயன் என்று தோன்றும். ஒரு பிள்ளையின் கை முறிந்துவிட்டது, முக்கோணத் துணியால் தூக்கிக் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் போடும் முடிச்சு தட்டையாகக் கிடந்தால்தான் உறுத்தாது; இழுத்தால் நழுவவும் கூடாது; வைத்தியசாலையில் அவிழ்க்கவும் சுலபமாக இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்தும் முடிச்சைத்தான் சாரணன் ஆரம்பத்திலேயே பழகுகிறான். ஒவ்வொரு முடிச்சும் ஒரு வேலைக்காக வந்தது. வேலையைச் சொல்லாமல் முடிச்சை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குச் சலிப்புத்தான் வரும்.

இந்த அணி முறை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 1907 ஓகஸ்ட்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ என்ற சிறு தீவுக்குச் சாரணியத்தின் நிறுவனர் பேடன் பவல் ஏறத்தாழ இருபது பையன்களைக் கூட்டிப் போனார். பணக்காரப் பாடசாலைகளில் படித்தவர்களும் சாதாரணத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தார்கள். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பையனின் பொறுப்பில் விட்டார். யார் வீட்டுப் பிள்ளை என்பது அங்கே கணக்கில் வரவில்லை. அடுத்த வருடம் சாரணியத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது. இயக்கம் பல நாடுகளுக்கும் பரவியது.

இலங்கைக்கு அது வந்து சேர்ந்தது கொழும்பில் அல்ல, நம் பக்கத்தில். 1912இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவர் முதல் சாரணர் துருப்பைத் தொடங்கினார். கண்டியிலிருந்து மாத்தளை ஏறத்தாழ 25 கிலோமீற்றர்தான். ஐந்து வருடம் கழித்து, 1917இல், பெண் சாரணியர் இயக்கம் கண்டி நகரத்திலேயே பிறந்தது. பெண்கள் உயர்தரப் பாடசாலையில் ஜெனி கிரீன் என்ற ஆசிரியை அதைத் தொடங்கிவைத்தார். ஆக, இந்த நாட்டின் இரண்டு இயக்கங்களும் மலைநாட்டில் வேர்விட்டவை. கண்டி தர்மராஜ கல்லூரியின் துருப்பு "1ஆம் கண்டி" என்ற எண்ணுடன் இன்றும் இயங்குகிறது. குழுக்களுக்கு முதலில் எண், பிறகு ஊர் என்று பெயர் வைப்பது இங்குள்ள வழக்கம்.

கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி மாத்தளையைக் கடந்து யாழ்ப்பாணம் வரை போகிறது. மலைநாட்டில் வேர்விட்ட சாரணியமும் அங்கேவரை போயிருக்கிறது. 2016 பெப்ரவரியில் ஒன்பதாவது தேசிய ஜம்போரி என்ற பெரும் பாசறை யாழ்ப்பாணத்தில் நடந்தபோது நாடெங்கிலுமிருந்து சாரணர்கள் அங்கே கூடினார்கள். பத்தாவது ஜம்போரி 2024இல் திருகோணமலையில் நடந்தது. தெற்கத்திப் பிள்ளையும் வடக்கத்திப் பிள்ளையும் ஒரே மைதானத்தில் கூடாரம் அடித்து, ஒருவர் சமைத்ததை மற்றவர் ருசி பார்ப்பது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

இனி வயதுக் கணக்கு. மிகச் சின்னவர்களுக்குச் சிங்கிதிப் பிரிவு இருக்கிறது. ஏழு வயதானால் குருளைச் சாரணர். பத்தரை, பதினொரு வயதில் சாரணர் துருப்புக்கு ஏறுவார்கள். முதலில் கனிஷ்ட பிரிவு, பிறகு சிரேஷ்ட பிரிவு. பதினேழு, பதினெட்டுக்குப் பின் திரிசாரணர். விருதுகளும் படிப்படியாக வரும். மாவட்ட ஆணையாளர், பிரதம ஆணையாளர் பெயரிலான விருதுகளைத் தாண்டினால் உச்சியில் ஜனாதிபதி சாரணர் விருது. நாடு குடியரசாகும் முன் அதற்கு மகாராணி சாரணர் என்று பெயர். வேலைக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்கும்போது மதிப்புள்ள விருதுதான். ஆனால் விருதுக்காக மட்டும் பிள்ளையைத் தள்ளிவிட்டால், சின்னங்களை எண்ணிக்கொண்டு ஓடுவான், அணியை மறந்துவிடுவான்.

இந்த வயதுகளை நம் பரீட்சை நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குருளைச் சாரணர் வயது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வருடத்தோடு மோதுகிறது. நல்ல அணித்தலைவனாக முதிரும் வயது சாதாரண தரத்தோடு மோதுகிறது. சனிக்கிழமை டியூஷன் வந்ததும் முதலில் வெட்டுப்படுவது சாரணர் கூட்டம்தான். பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் என்பது பரீட்சையைக் கெடுக்கிற அளவு நேரமில்லை. எட்டுப் பேரைச் சமாளித்த பிள்ளைக்கு நேரத்தைச் சமாளிக்கவும் தெரிந்துவிடும்.

கண்டியைச் சுற்றி இந்தப் பிள்ளைகளுக்கு வேலைக்குக் குறைவில்லை. தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலே காடு இருக்கிறது. 1938இல் சரணாலயமான 104 ஹெக்டேயர் நிலம். வரைபடமும் திசையறி கருவியும் கொண்டு வழி கண்டுபிடிக்கப் பழக நகரத்துக்குள்ளேயே இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மழைக்காலத்தில் அட்டைக்கு மட்டும் தயாராகப் போக வேண்டும். கொஞ்சம் பெரியவர்களுக்கு ஹந்தானை. நன்றாகப் பழகியவர்களுக்கு, அனுமதி பெற்று, நக்கிள்ஸ் மலைத்தொடர். எசல பெரஹெரா நாட்களில் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பது, மயங்கியவருக்கு முதலுதவி செய்வது என்று சாரணர் சேவை ஊருக்குப் பழகிய ஒன்று. சாரணர் வேலை வாரத்தில் வீடு வீடாகப் போய்த் தோட்டம் துப்புரவு செய்து, வாகனம் கழுவி, கூலியை அட்டையில் எழுதி வாங்குவார்கள். அந்த வாரம் உங்கள் கதவைத் தட்டினால் சும்மா காசு கொடுத்து அனுப்பாதீர்கள். வேலை கொடுங்கள், வேலைக்குத்தான் கூலி என்பதே அங்கே படிப்பு.

இவை எல்லாவற்றையும்விட நம் மலைக்கு அவசரமான வேலை ஒன்று உண்டு. அது மழையை அளப்பது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் என்ன செய்தது என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் கொடுக்கிறது: மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. இதற்குப் பின்னால் இருப்பது மழைக் கணக்குத்தான். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் முதல் படி, 100 தாண்டினால் இரண்டாவது, 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ மூன்றாவது.

ஓர் அணி இதைத் தன் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். செலவும் பெரிதாக இல்லை. பெரிய பிளாஸ்டிக் போத்தலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகத் திருப்பி, புனலாக அதே போத்தலில் செருகுங்கள். அடி வளைந்திருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் என்று கோடு போடுங்கள். அதிலிருந்து மேலே மில்லிமீற்றர் அளவுகோலை ஒட்டுங்கள். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, திறந்த வெளியில், காற்றில் சாயாதபடி நடுங்கள். ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு வாசித்துக் குறியுங்கள். வானிலை அவதான நிலையமும் 24 மணி நேர மழையை அந்த நேரத்தோடுதான் கணக்கு முடிக்கிறது. வாசித்த பின் தண்ணீரை மறுபடி பூச்சியக் கோட்டுக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது. வெயில் காலத்தில் கோட்டுக்குக் கீழே வற்றியிருந்தாலும் அப்படித்தான்.

அதோடு சரிவைப் பார்க்கவும் பிள்ளைகள் பழக வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, நேராக நின்ற மரமோ விளக்குக் கம்பமோ சாய்வது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று வருவது, இருந்த ஊற்று திடீரென வற்றுவது, தெளிந்த ஊற்றுநீர் கலங்குவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்ல வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. போத்தல் அளவு உத்தியோகபூர்வ அறிவித்தலுக்குப் பதிலாகாது. வெளியேறச் சொன்னால் போத்தல் என்ன காட்டினாலும் வெளியேற வேண்டியதுதான். ஆனால் கொழும்பில் சொல்லும் மழை வேறு, நம் தோட்டத்து மேட்டில் பெய்யும் மழை வேறு. அந்த மேட்டில் தினமும் எழுதிவைக்கும் ஒரு பிள்ளை இருந்தால், இரவில் எழுந்து பாட்டியை எழுப்பும் ஒருவன் அந்த லயத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். ஆயத்தமாக இருப்பது என்று சாரணர்கள் சொல்வது இதைத்தான்.

இனிப் பெரியவர்களுக்கு. சாரணத் தலைவருக்குச் சம்பளம் கிடையாது. பயிற்சி உண்டு. அதன் மேல் படி தருச்சின்னம். 1919இல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் தொடங்கிய பயிற்சி இது; முடித்தவர் கழுத்தில் தோல் வாரில் கோத்த இரண்டு மரமணிகள் தொங்கும். நம் நாட்டில் நுவரெலியா பீதுருவில் இதற்கென ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே பெரியவர்களும் அணியாகப் பிரிந்து, தாங்களே சமைத்து, தாங்களே கூடாரம் அடித்துத்தான் படிக்கிறார்கள். கற்க வேண்டிய கடினமான பாடம் முடிச்சோ வரைபடமோ இல்லை. தப்பு நடக்கப்போகிறது என்று தெரிந்தும், அதில் ஆபத்து இல்லையென்றால், பேசாமல் நிற்பதுதான் கடினம். தீ, தண்ணீர், உயரம், கத்தி என்றால் உடனே குறுக்கிடுங்கள். குழைந்த சோற்றுக்குக் குறுக்கிடாதீர்கள்.

பெற்றோர் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பாசறை எங்கே, எத்தனை நாள்? பொறுப்பானவர் குறைந்தது இருவர் இருப்பார்களா? ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது என்ற விதியைக் கடைப்பிடிக்கிறார்களா? பிள்ளையின் மருந்து, ஒவ்வாமை விபரம் யாரிடம் இருக்கும்? மழை பலத்தால் என்ன ஏற்பாடு? இப்படிக் கேட்டால் நல்ல தலைவர் கோபிக்க மாட்டார். கோபிக்கிறவரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

கடைசியாக நம் பாடசாலைகளைப் பற்றி. கண்டி நகரத்துப் பெரிய கல்லூரிகளில் நூறு வருடப் பழக்கம் இருக்கிறது. பழைய மாணவர்கள் இருக்கிறார்கள், கூடாரம் இருக்கிறது. கலஹா, தெல்தோட்டை, பன்விலை, நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குக் குறைவில்லை, மலைக்கும் குறைவில்லை. வேண்டியது வாரம் ஒருமுறை தவறாமல் வந்து நிற்கிற ஒரு பெரியவர். அவர் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தபால்காரராக இருக்கலாம், தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தராக இருக்கலாம், பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் அக்காவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். உங்கள் பாடசாலையில் குழு இருந்தால் பொறுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் அதிபரிடம் பேசி, மாவட்ட ஆணையாளருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் ஓர் அணி ஆகிவிடும். அந்த எட்டுப் பேரும் ஏற்கனவே உங்கள் தோட்டத்து மைதானத்தில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் போய்க் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.