தபாலில் வரும் லில்லிக் கிழங்கு

செடி கொடிகள் தாம் முளைத்த இடத்தைவிட்டு அசையா என்பது பொதுவான எண்ணம். ஆயினும் மனிதன் கையிற்பட்ட செடிகளைப்போல நெடும்பயணம் செய்த உயிர்கள் சிலவே. சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டங்களே இதற்குத் தக்க சான்றாகும். 1869 ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்தபின், அதன் இடத்தைத் தேயிலையும் இரப்பரும் பெற்றன. தென்னமெரிக்காவிலிருந்து இலண்டன் கியூப் பூங்காவிற்குக் கொண்டுவரப்பட்ட இரப்பர் விதைகளில் முளைத்த 1,919 கன்றுகள், 1876 ஆம் ஆண்டில் 38 கண்ணாடிப் பேழைகளில் வைக்கப்பட்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டன. ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை வேரூன்றின. இன்று கேகாலை மாவட்டத்தின் மலைச்சரிவுகளை மூடி நிற்கும் இரப்பர் மரங்களின் வரலாறு பெட்டிகளில் வந்த அக்கன்றுகளோடு தொடங்குகின்றது.

இவ்வாறு பெட்டியில் வந்த பயிர்களினிடையே வாழும் தோட்டக் குடும்பம் ஒன்று, தன் வாசலிலுள்ள சிறு நிலத்திற்கு அழகு செய்ய லில்லிக் கிழங்கைத் தபாலிலே தருவிக்க விரும்பினால், எவற்றை அறிந்திருத்தல் வேண்டும்? வினா சிறிதெனத் தோன்றலாம். ஆனால் 2021 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது என்பதையும், அதற்கே நெடுங்காலம் போராட நேர்ந்தது என்பதையும் நினைவிற் கொண்டால், ஒரு பூங்கிழங்குக்காகச் செலவிடப்படும் பணம் சிறிதன்று என்பது விளங்கும். அறிந்து வாங்கினால் அது பல்லாண்டு பூக்கும். அறியாது வாங்கினால் ஒருமுறை பூத்து மறையும்.

கிழங்கு என்று பொதுவாகச் சொல்லப்படுவது எப்பொழுதும் ஒரே உறுப்பன்று. வெங்காயத்தை நெடுக்கே வெட்டிப் பார்த்தால், தட்டையான சிறு தண்டொன்றின்மேல் சதைப்பற்றுள்ள இலைத்தளங்கள் ஒன்றையொன்று சூழ்ந்திருப்பதும், நடுவே வருங்காலச் செடியின் மொட்டு அமைந்திருப்பதும் தெரியும். இதனைத் தாவரவியலார் குமிழ் என்பர். செடி தன் உணவைச் சேமித்து, இலையை உதிர்த்து, துயில்கொள்ளும் நிலையே குமிழ். துயிலும் செடிக்கு ஒளி வேண்டுவதில்லை. நீரும் மிகச் சிறிதே போதும். இக்காரணத்தாலேயே பச்சைக் கன்றினை அனுப்ப முடியாத தூரத்திற்கும் குமிழை அனுப்ப முடிகின்றது.

பச்சைக் கன்றுகளின் கடற்பயணத்தை எளிதாக்கியவர் நதானியல் வார்ட் என்னும் இலண்டன் மருத்துவர். மூடிய போத்தல் ஒன்றினுள் பன்னச்செடி தானே வளர்வதை 1829 ஆம் ஆண்டிற் கண்ட அவர், அதனைக் கொண்டு கண்ணாடிப் பேழையை அமைத்தார். முற்கூறிய இரப்பர்க் கன்றுகளும் அத்தகைய பேழைகளிலேயே வந்தன. குமிழுக்கோ இத்தகைய பேழையும் வேண்டியதில்லை. பெட்டியும் சிறிது மரத்தூளும் போதும். 1840 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பெனித் தபால் முறை தோன்றியதும், விதையும் குமிழும் விற்பவர்கள் விலைப்பட்டியல் அச்சிட்டு வீடுதோறும் அனுப்பத் தலைப்பட்டனர். 1890 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட யோகோகாமா நாற்றுப்பண்ணை யப்பானிய லில்லிக் குமிழ்களை மேல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்து பெயர்பெற்றது. இலங்கையும் இவ்வணிகத்தில் வாங்கும் நாடாக மாத்திரம் இருக்கவில்லை. ஹெனரத்கொடையைச் சேர்ந்த ஜே. பி. வில்லியம் சகோதரர்கள் அயனமண்டலப் பயிர்களின் விதைகளையும் கன்றுகளையும் விலைப்பட்டியல் மூலம் பிறநாடுகளுக்கு விற்றுவந்தனர்.

விலைப்பட்டியலைக் கையில் எடுப்பவருக்கு முதலில் எதிர்ப்படும் இடர் பெயரைப் பற்றியதாகும். ஆங்கிலேயர் லில்லி என்னும் ஒரே சொல்லாற் பல மலர்களைக் குறிப்பர். குளத்திற் பூக்கும் அல்லியும், காட்டில் ஏறிப் படரும் காந்தளும், மழைக்குப் பின் புல்லிடையே தோன்றும் சிறு மலரும் அவர்தம் வழக்கில் ஏதோவொரு லில்லியே. தமிழ் மரபு இவ்வாறன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் மலர்வரிசை காந்தளிற் தொடங்கி, அடுத்ததாக ஆம்பலைக் கூறுகின்றது. ஆங்கிலம் ஒரு பெயருள் அடக்கிய இரண்டையும் பழந்தமிழ்ப் புலவர் இரு வேறு மலர்களாகவே கண்டனர். தாவரவியலும் இவ்விடயத்திற் புலவர் பக்கமே நிற்கின்றது. லீனேயசு 1753 ஆம் ஆண்டில் நிலைநாட்டிய இருசொற்பெயர் முறைப்படி, உண்மை லில்லிகள் லிலியம் என்னும் சாதியைச் சேர்ந்தவை. ஏனையவை வேறு சாதிகளையும் வேறு குடும்பங்களையும் சார்ந்தவை. ஆகவே பட்டியலில் அழகிய வண்ணப் படத்தின் கீழுள்ள வணிகப் பெயரைவிட, அதன் அருகே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் இலத்தீன் பெயரே வாங்குவோனுக்குத் துணையாகும். அப்பெயர் இல்லாத பட்டியலை ஐயத்துடன் நோக்குதல் நன்று.

பெயர் ஏன் இத்துணை முதன்மை பெறுகின்றது? துயிலும் குமிழ் தன் தாயகத்தின் பருவ ஒழுங்கையும் தன்னுள்ளே கொண்டுவருகின்றது என்பதே விடை. லிலியம் சாதியின் பெரும்பாலான இனங்கள் வட பூகோளத்தின் குளிர்நாடுகளுக்கு உரியவை. நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் வளரும் நீலகிரி லில்லி தென்னிந்தியாவில் இச்சாதிக்குக் கிடைத்த குளிர்ந்த புகலிடம் எனலாம். இச்செடிகள் பனிக்காலத்தில் மண்ணுள் துயின்று, குளிர் கழிந்ததை உணர்ந்த பின்னரே பூந்தண்டை எழுப்பும். வெண்ணிற ஈஸ்டர் லில்லியை வளர்ப்போர், ஏறத்தாழ ஆறு கிழமைகள் 4 முதல் 7 பாகை செல்சியஸ் வரையான குளிரில் குமிழ்களை வைத்திருந்த பின்னரே நடுவர். குளிரூட்டப்படாத குமிழ் காலந்தாழ்த்தும் சீரின்றியும் பூக்கும்.

இரத்தினபுரியின் நிலை இதற்கு முற்றும் மாறானது. அங்கே சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை. ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றருக்கும் மேற்பட்டது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவ மழையும் பெய்யும். தை, மாசி மாதங்களில் மழை ஓரளவு தணியுமேயன்றிப் பனிக்காலம் என்பது இல்லை. பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளின் உயர்ந்த தோட்டங்களில் வெப்பம் குறைவெனினும், லிலியம் வேண்டும் குளிர் அங்கும் நீடித்து நிலவுவதில்லை.

தோட்டங்களிலே பலர் வியக்கும் நிகழ்ச்சி ஒன்றுக்கு இதனாற் காரணம் புலப்படும். பணங்கொடுத்துத் தருவித்த லில்லி முதலாண்டிற் படத்திற் கண்டவாறே பூக்கின்றது. மறு ஆண்டில் இலை மாத்திரம் விடுகின்றது. மூன்றாம் ஆண்டில் மண்ணோடு மண்ணாகின்றது. நட்டவர் கைராசியின்மீதோ எருவின்மீதோ குறை காண்பர். உண்மை வேறு. முதற்பூ, வணிகரின் குளிர் அறையிற் குமிழ் பெற்ற குளிரின் பயனாகும். பூப்பதற்கான தூண்டுதல் குமிழினுள்ளே ஏற்கெனவே அமைந்து வந்தது. அக்குளிர் மீண்டும் கிட்டாமையால் அடுத்த பூவும் இல்லை. மழையில் ஊறும் மண்ணோ குமிழின் செதில்களை அழுகச் செய்து முடிக்கின்றது.

அவ்வாறாயின் தாழ்நிலத் தோட்டங்களுக்கு லில்லியே இல்லையோ எனின், உண்டு. குளிரால் அன்றி, மழையும் அதன் ஓய்வும் மாறிவருவதால் காலத்தை அறியும் செடிகளே இந்நிலத்திற்கு ஏற்றவை. தென்னமெரிக்கத் தாயகமுடைய ஹிப்பியாஸ்ட்ரம் அவற்றுள் ஒன்று. செந்நிறக் குழலிதழ்களையுடைய இதனை மக்கள் அமரில்லிஸ் என்பர். சிலநாள் நீர் குறைந்து ஓய்ந்தபின் மழை பெற்றவுடன் பூப்பது இதன் இயல்பு. மழை லில்லி எனப்படும் செபிராந்தஸ், வறட்சிக்குப்பின் நல்ல மழை பெய்த சில நாளில் மலரும். சிலந்தி லில்லி என்னும் ஹைமெனோகல்லிஸ் ஈரமண்ணையும் பொறுக்கும். அமேசன் லில்லி எனப்படும் யூக்கரிஸ் மர நிழலை விரும்புவது. பலாவின் கீழும் கமுகின் கீழும் வளர்வதற்குத் தக்கது. விஷமூங்கில் எனத் தமிழிற் பெயர்பெற்ற கிரைனம் இந்நாட்டிற்கே உரியது.

குமிழின் அமைப்புப் பயணத்தையும் பாதிக்கின்றது. ஹிப்பியாஸ்ட்ரம் வெங்காயம்போல உலர்ந்த மேற்தோல் உடையது. ஆகையால் காகிதத்திற் சுற்றிய நிலையிலும் சில கிழமைகள் தாங்கும். உண்மை லில்லிக்கு அத்தகைய போர்வை இல்லை. அதன் செதில்கள் வெளிப்படையாய் இருத்தலின், சற்று ஈரமான மரத்தூளிற் பொதியப்படாவிடின் வழியிலேயே வற்றிப்போம். பொதி கைக்கு வந்ததும் குமிழை விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். உறுதியாகவும் கனமாகவும் இருப்பது நன்று. மென்மையும் துர்நாற்றமும் அழுகலின் அறிகுறி. அழுகிய பகுதி உள்ள குமிழை ஏனையவற்றோடு சேர்த்து நடலாகாது. மேட்டுப்பாத்தியில் பருமணல் கலந்து, நீர் தேங்காவண்ணம் நடுக. ஹிப்பியாஸ்ட்ரத்தின் கழுத்துப்பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

காந்தளைப்பற்றித் தனியே கூறவேண்டியது ஒன்றுண்டு. கார்த்திகைப்பூ எனவும் வழங்கும் இக்கொடி இலங்கைக் காடுகளில் இயல்பாக வளர்வது. தமிழ்நாட்டிற் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில், மருந்துக்குரிய விதைக்காகப் பயிரிடப்படுவது. அதன் கிழங்கு கலப்பை போன்று இருகிளையாக வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு எனவும் பெயர் பெற்றது. கிளைநுனியிலுள்ள மொட்டு முறிந்தால் அக்கிளை முளையாது; எனவே பொதியில் அது முறியாது வருதல் வேண்டும். அதனினும் முதன்மையானது, இக்கிழங்கு கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சுடையது என்பது. வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டோர் உயிரிழந்ததுண்டு. சமையலறையும் படுக்கையும் ஓரறையில் அடங்கும் லயன் வீட்டில், இக்கிழங்கை உணவுக் கிழங்குகளின் அருகே ஒருபோதும் வைத்தலாகாது. சிறுவர் உள்ள வீட்டில் நடாதிருத்தலே அறிவுடைமை.

பிறநாட்டிலிருந்து நேரே தருவிப்போர் நாட்டின் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயிர்த்தாவரங்களை இறக்குமதி செய்ய முன்னனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இவ்விதி வீண்தடையன்று. கோப்பியை அழித்த துருநோயின் கதையை மலைநாட்டார் அறிவர். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நீர்நிலைகளை மூடியமையால், 1909 ஆம் ஆண்டிலேயே அதற்கெனத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது.

இவையனைத்தையும் அறிந்த பின்னரும் தோட்டத்து மாந்தருக்கு எஞ்சி நிற்கும் இடையூறு ஒன்றுண்டு, அது முகவரி. பல தோட்டங்களில் லயன் அறைகளுக்குத் தனி முகவரி இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கடிதங்கள் தோட்டத்தின் ஒரே பெயருக்கு வந்து, அலுவலகத்தின் வழியாகவே கைமாறுகின்றன. கடிதம் பிந்தினால் நேர்முகத் தேர்வு தவறும், கடனறிவித்தல் தவறும். அங்ஙனம் தேங்கிக் கிடக்கும் பொதியில் உயிர்ப்பொருள் இருப்பின் அது மூச்சுமுட்டி அழுகும். ஒரு பூங்கிழங்கு உயிரோடு வந்து சேர்வதற்கு வேண்டுவது எதுவோ, அதுவே ஒரு குடிமகனுக்கும் வேண்டுவது: தன் பெயரால் அறியப்படும் ஒரு வாயில். 7 பேர்ச் காணியில் தனிவீடு அமைக்கும் திட்டம் 2015 ஆம் ஆண்டிற்குப் பின் தொடங்கிய போதிலும், அது இன்னும் எல்லார்க்கும் எட்டியபாடில்லை.

இந்நிலை மாறும்வரை எளிய வழியொன்று உண்டு. தோட்டப் பாடசாலைக்கு முகவரி உண்டு, ஆசிரியரும் உளர். சில குடும்பங்கள் கூடி, பாடசாலையின் விவசாயக் கழகத்தின் மூலம் ஒரே பொதியாகத் தருவித்தால் தபாற்செலவு குறையும். பொதியும் வந்த அன்றே பிரிக்கப்படும். அக்குமிழ்களே தாவரவியல் வகுப்பிற்கு உயிருள்ள பாடமுமாகும். ஓராண்டு கழிந்தபின் தபாலும் வேண்டாதாகும். ஹிப்பியாஸ்ட்ரமும் மழை லில்லியும் தாய்க்குமிழின் பக்கத்தே சேய்க்குமிழ்களை ஈனுவன. அவற்றைப் பிரித்து அயலவருக்குக் கொடுத்தல் தோட்டங்களின் பழைய வழக்கம்.

சொந்த நிலமில்லாதவர் பூமரத்தினும் குமிழ்ச்செடியை விரும்பி வளர்ப்பதில் ஓர் ஆழ்ந்த பொருத்தம் உண்டு. வேறு லயனுக்கோ புதிய வீட்டுக்கோ பெயரும் நாளில் மரத்தைப் பெயர்க்க முடியாது. குமிழையோ தோண்டி மடியிற் கட்டிச் செல்லலாம். நிலத்துக்கு ஏற்ற இனத்தைப் பெயரறிந்து தேர்ந்தால், ஒரு நாட்கூலியாற் பெற்ற அச்செல்வம் செல்லுமிடமெல்லாம் பெருகிப் பூக்கும்.