அச்சேறாதார் நாவல் எழுதலாமோ?

எர்ணாவூரினின்று நம் கல்லூரிக்கு வரும் மாணவரொருவர் சென்ற பருவத்தில் என்னை வினவியதே இக்கட்டுரைக்குக் காரணம். 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூரையடுத்த கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபொழுது, அவ்வூர்க் கரையில் ஆடவர் வாளிகளால் அதனை அள்ளி வாரினர். சிறுவராய் நின்று அக்காட்சியைக் கண்ட அவர், அதனை ஒரு நாவலாக எழுத விழைகின்றார். "ஐயா, என் பெயரில் நான்கு வரிகூட அச்சில் வந்ததில்லை. வீட்டிலோ உத்தியோகப் பரீட்சைக்குப் படி என்கிறார்கள். நான் தொடங்கலாமா?" என்றார். உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை.

அவர்க்கு விடையாகத் தக்கார் இருவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றவர். இருவரும் 1872-இற் பிறந்தவர். 1937-இல் தாம்பரம் செல்லுமுன் அக்கல்லூரி துறைமுகத்துக்கு அண்மையில், இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் பகுதியில், இருந்தது. அவருள் ஒருவராகிய அ. மாதவையர் 1892-இல் "விவேக சிந்தாமணி" என்னும் மாதப் பத்திரிகையில் "சாவித்திரி சரித்திரம்" என ஒரு கதையைத் தொடங்கினார். சில பகுதிகளோடு அது நின்றுபோயிற்று. இருபது வயதினர் ஒருவர்க்கு இதனினும் மனமுடையச் செய்வது வேறென்ன? ஆயினும் அவர் எழுத்தை விட்டிலர், உத்தியோகத்தையும் விட்டிலர். உப்பு இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே 1898-இல் "பத்மாவதி சரித்திரம்" முதற்பாகத்தை வெளியிட்டார். நின்றுபோன அப்பழங்கதையும் 1903-இல் "முத்துமீனாக்ஷி" என்னும் பெயரோடு நூலாயிற்று. இடையிற் கழிந்தவை 11 ஆண்டுகள்!

மற்றையவர் பி. ஆர். ராஜமையர். அதே பத்திரிகையில் 1893 முதல் 1895 வரை "கமலாம்பாள் சரித்திரம்" எழுதினார். தொடங்கும்பொழுது அவர்க்கு வயது 21. 1898-இல் காலமானார். காலம் கனியட்டுமென அவர் காத்திருந்தால் நமக்கு அந்நூல் இல்லை. இளமைதான் வேண்டுமென்பதும் இல்லை. 1879-இல் "பிரதாப முதலியார் சரித்திரம்" வெளிவந்தபொழுது வேதநாயகம் பிள்ளை ஐம்பதைக் கடந்தவர்.

ஆகவே அச்சேறாமை ஒரு தடையன்று. ஆராயவேண்டுவது, கையிலுள்ள பொருள் நாவலுக்கு உரியதா என்பதே. எண்ணெய் கசிந்தது ஒரு செய்தி. அதற்கு ஒரு கட்டுரை போதும். வாளி ஏந்தியவர் அதற்கு முந்திய ஆண்டு எவ்வாறு வாழ்ந்தார், வலையிற் கறை படிந்த பின் வீட்டில் யார் யாரோடு பேசாதிருந்தனர், கடன் எவ்வாறு வளர்ந்தது என்று மனம் ஓயாது வினவிக்கொண்டே போகுமாயின், அதற்குத்தான் நாவலின் நீளம் வேண்டும். இதனை எண்ணிப் பார்த்து அறிதல் அரிது. மூன்று அதிகாரமேனும் எழுதினால் தெரிந்துவிடும். மாதப் பத்திரிகையில் பகுதி பகுதியாக எழுதியவர்க்கு இச்சோதனை தானே கிடைத்தது. நம் மாணவர் மாதம் ஓர் அதிகாரம் எழுதி ஒரு நண்பரிடம் கொடுப்பாராயின், அதுவே அவர்க்குப் பத்திரிகை.

பரீட்சையை விடவேண்டா என்றும் அவரிடம் சொன்னேன். இதில் என்னைக் கோழை என்பாரும் உளர். அவர் வீட்டு அடுப்பு எரிவது எனக்கு முக்கியம்.

சென்ற வாரம் முதல் அதிகாரத்தைக் கொணர்ந்தார். அதில் கப்பல்கள் இன்னும் வரவில்லை. அவர் பாட்டியார் காசிமேட்டில், விடியுமுன், ஒரு கூடை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருக்கின்றார்.