லண்டன் தம்பிக்கு ஒரு டிரம் செராஸ் தண்ணீர்

“அக்கா, செராஸ் தண்ணிய ஒரு டிரம் அனுப்பி வைங்களேன்!” லண்டனிலிருந்து சித்தப்பா மகன் குரல் பதிவு அனுப்பியிருந்தான். வீட்டிலேயே ஜெர்மன் பாணி லாகர் பீர் காய்ச்சுகிறான். பிரிட்டனில் 1963 முதல் அதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் மூன்று முறை காய்ச்சியும் ஒரே துவர்ப்பு.

அம்மாவுக்கு இந்தப் பேச்சே ஆகாது. அவருடைய அப்பா கிள்ளான் பக்கம் பால்மரம் வெட்டியவர். சம்பளத்தில் வீட்டுக்கு வந்ததைவிடக் கள்ளுக்கடைக்குப் போனதே அதிகம். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. தம்பி போத்தல்களோடு படம் போட்ட நாளிலிருந்து அம்மா அவன் அழைப்பை எடுப்பதில்லை.

எனக்கோ, அந்தத் துவர்ப்பு எங்கிருந்து வந்தது என்ற குடைச்சல்.

முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால், அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி நீர்த்து இனிப்பதும் இதனால்தான். இந்தக் கூழின் பிஎச் அளவு 5.2 முதல் 5.6 வரை இருப்பது நல்லது. (பிஎச் அளவுகோலே பீர்க்காரர்கள் கொடுத்ததுதான். 1909-இல் கோப்பன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அந்த நிறுவனத்தின் ஆலை நம் ஷா ஆலமிலும் இருக்கிறது.) லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் கடின நீர். அது பிஎச் அளவை இறங்க விடாது. அப்போது பார்லி உமியின் துவர்ப்பு கூழில் இறங்கிவிடும்.

மியூனிக் நகரத்துக்கும் இதே தண்ணீர்த் தொல்லை உண்டு. கருக வறுத்த தானியத்தின் புளிப்பு அதைச் சரிக்கட்டியதால், அங்கே கறுத்த பீர் நன்றாக வந்தது. செக் நாட்டின் பில்சன் நகரில் கிடைப்பதோ மென்னீர். 1842-இல் பவேரியாவைச் சேர்ந்த ஜோசஃப் கிரோல் அங்கேதான் பொன்னிற லாகரைக் காய்ச்சினார்.

நம் லங்காட் ஆறு தித்திவங்சா கருங்கல் மலையிலிருந்து இறங்கி வருகிறது. அதுவும் மென்னீர்தான். தம்பி கேட்டதில் நியாயம் இருக்கிறது!

சோதித்துப் பார்க்க ஆசை. ஆனால் இங்கே உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஈஸ்ட் சேர்ந்து புளித்தால்தானே மது? அதற்கு முன்பே நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். கடையில் விற்கும் தீட்டிய பார்லி முளைக்காது என்பதால், முளைகட்டிய தானியத்தை இணையத்தில் வாங்கினேன். குளோரின் வாடை போகக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தேன்.

வெப்பமானி இல்லாத காலத்து ஜெர்மானியர் முறை இது. வெதுவெதுப்பான கூழில் மூன்றில் ஒரு பங்கை, கெட்டியாகப் பார்த்து எடுத்துத் தனியாகக் கொதிக்க வைத்துத் திரும்ப ஊற்ற வேண்டும். மொத்தக் கூழின் சூடும் ஒரு படி ஏறும். 50 டிகிரியிலிருந்து 65, மறுமுறை 75. மிச்சக் கூழின் நீரில் நொதிகள் பிழைத்திருக்கும்.

ஊற்றிக்கொண்டிருந்தபோது அம்மா சமையலறைக்குள் வந்தார்.

“என்னாடி காய்ச்சுற?”

“பார்லிக் கூழும்மா.”

“இது வெந்நீர் விளாவுற மாதிரில்ல இருக்கு. பிள்ளைக்குக் குளிக்க ஊத்துறப்போ, வெரல விட்டுப் பார்த்துத்தானே விளாவுவோம்!”

வடிகட்டி ஒரு குவளை கொடுத்தேன். முகர்ந்தார். தயங்கித் தயங்கி ஒரு வாய் குடித்தார். “ஹார்லிக்ஸ் மாதிரி இருக்கு.” துவர்ப்பு? துளியும் இல்லை.

அன்றிரவு தம்பி அழைத்தான். தண்ணீரை நன்றாகக் காய்ச்சி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். போதவில்லை என்றால் ஜெர்மானியர் சேர்க்கும் புளித்த பார்லி கொஞ்சம். பாதியில் அம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

“தெளிஞ்ச தண்ணிய எடுறா, கலக்கிடாத.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “எவ்ளோ குடிக்கிற?”

“வாரத்துக்கு ரெண்டு போத்தல், பெரியம்மா.”

“சம்பளம் வீட்டுக்கு வருதுல்ல?”

“வருது, பெரியம்மா.”

“சரி, சாப்பிட்டியா?”