ஆச்சியின் தகரப்பெட்டி

சிக்கனத்தைப் பற்றிப் பெரியோர் கூறும் புத்திமதி வாசகர்களுக்குப் புதிதன்று. ஆயின், வலிகாமத்துக் கிராமமொன்றில் எண்பத்தைந்து வயதைக் கடந்த ஆச்சி ஒருவரிடம் அண்மையில் நாம் கேட்டறிந்தது வேறு. காணி உறுதிகளை வாசித்துச் சொல்லுமாறு அவர் எம்மை அழைத்திருந்தார்.

தகரப்பெட்டியைத் திறந்து மூன்று பழஞ்சீலைகளை எடுத்துப் பாயில் வைத்தார். முதலாவது முடிச்சில் குடியிருக்கும் வளவின் உறுதி இருந்தது. அஃது அவருடைய சீதனம். இரண்டாவதில் பனங்காணியின் உறுதி. காலஞ்சென்ற கணவருக்குத் தகப்பன்வழி வந்த முதுசம். மூன்றாவது சீலையில் ஒன்றுமில்லை. ஆயினும் பத்திரமாக மடிக்கப்பட்டிருந்தது. இருவரும் புகையிலை செய்து வாங்கிய தோட்டக்காணியின் உறுதி ஒருகாலம் அதில் இருந்ததாம். அது தேடியதேட்டம். மூத்த மகனை 1984இல் கடல்கடந்து அனுப்பவேண்டி வந்தபோது அதையே விற்றார்கள்.

“தேடினதை வித்தால் திரும்பத் தேடலாம், பிள்ளை. முதுசத்தை ஆரிட்டைப் போய்த் தேடுறது?” என்றார் ஆச்சி.

இப்பாகுபாடு ஆச்சியின் கற்பனையன்று. யாழ்ப்பாணத்துத் தேசவழமையின் அடித்தளமே இதுதான். ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1707இல் எழுத்தில் தொகுத்ததும், 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்றுக்கொண்டதும் இவ்வழமையையே. ஒரு பொருள் எவ்வளவு பெறும் என்று கேட்குமுன், அஃது எவ்வழியே வந்தது என்று கேட்டனர் நம் முன்னோர். கையிறுக்கம் நேர்ந்தால், விற்பதற்கு முன் ஒற்றிக்குக் கொடுக்க வழியுண்டா என்று பார்ப்பர். பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பார். முதலைத் திருப்பியதும் காணி உடையவரிடம் மீளும். இவ்வழமையில் குறையே இல்லையென நாம் கூறவரவில்லை. சீதனக் காணி மனைவியுடையது என்றாலும், அதை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றது 1911ஆம் ஆண்டுச் சட்டம். பெண்ணுக்குச் சீதனம் தேடியே கடனாளியான தந்தையரோ கணக்கிலர்.

காசை ஆச்சி நம்புவதில்லை. ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்கள் செல்லா என்று 1970இல் அரசாங்கம் அறிவித்து, அவற்றை வங்கிகளில் ஒப்படைக்கச் சொன்னது. புகையிலை விற்ற காசைப் பெட்டியின் அடியில் வைத்திருந்த கணவர், ‘ஏது இவ்வளவு?’ என்று கேட்பார்களோவென அஞ்சித் தயங்கினார். தயங்கியதில் ஒரு பகுதி வெறுந்தாளாயிற்று.

வலிகாமம் முழுவதுமே 1995 ஒக்டோபர் இறுதியில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அந்த இரவில், உறுதிகள் இரண்டும் ஆச்சியின் இடுப்பில் இருந்தன. மூன்றாவது சீலையில் இரண்டு கொத்து அரிசி கட்டியிருந்தார்.

இத்தகையவர் கஞ்சராகத்தான் இருப்பார் என்று எண்ணிவிட வேண்டாம். எமக்குத் தந்த தேநீரில் சீனி தாராளமாகவே இருந்தது. நல்லெண்ணெய் வாங்குவதில் மட்டும் விலை பார்ப்பதில்லையாம். நகை விடயத்திலோ அவருடைய எண்ணம் எம்மைச் சிரிக்க வைத்தது. டொலரின் விலை 2022இல் சுமார் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டதையும், அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்ததையும் வாசகர்கள் மறந்திரார். அப்போது ஆச்சி இரண்டு காப்புகளையும் கழற்றி அடைவு வைத்து, நெல்லும் விறகும் வாங்கிப் போட்டார். “காப்புப் போட்டிருக்கிறது வடிவுக்கெண்டே நினைச்சாய்?” என்று கேட்டார். காப்புகள் இப்போது மீண்டும் அவர் கையில் இருக்கின்றன.

உறுதிகளை வாசிக்க அழைத்த காரணம் இறுதியிலேதான் வெளிவந்தது. பனங்காணியை அயலவர் ஒருவர் விலைக்குக் கேட்கிறார். நல்ல விலை. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் மூவரும் விற்றுவிடும்படி தொலைபேசியில் வற்புறுத்துகிறார்கள். திரும்பி வரும் எண்ணம் எவருக்கும் இல்லை. பேரப்பிள்ளைகளோ அந்தக் காணியைக் கண்டதுமில்லை.

“அதுகளுக்கு முதுசமெண்டால் என்னெண்டு எப்பிடி விளங்கப்படுத்துறது, பிள்ளை?”

எம்மிடம் விடையில்லை. ஆச்சி இரண்டு முடிச்சுகளையும் இறுக்கிக் கட்டினார்; வெறுஞ்சீலையை அவற்றின்மேல் மடித்து வைத்துப் பெட்டியை மூடினார். அயலவருக்கு என்ன மறுமொழி சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டோம்.

“பாத்தி போட்டிருக்கிறன். தையிலை கிழங்கு கிண்டின பிறகு பாப்பம்.”